குறிப்பெடுப்பவர்

வியாழன், கடைசிப் பாடவேளை.
தமிழ் எடுத்தவர்கள் ஒன்பது பேர்.
ஒன்பது பேருக்கென்று தனி அறை கிடையாது
எங்கள் ரோஸ் ஹில் பள்ளியில்.
உயிரியல் கூடத்தில்,
குடுவைக்குள் மிதக்கும் ஓணான் பார்த்திருக்க,
மேசைகளை இழுத்துப் போட்டு
இரண்டு குழுவானோம்.

டீச்சர் அட்டைகளை நீட்டினார், சீட்டுக்கட்டு போல.
யோவினிக்கு வந்தது: கேள்வி கேட்பவர்.
லொகநாதெனுக்கு: நேரம் பார்ப்பவர்.
பர்மசிவெனுடைய அட்டையில் ஒன்றும் இல்லை.
"நீ உறுப்பினர்" என்றார்.
எனக்குக் குறிப்பெடுப்பவர்.
குறிப்பெடுப்பவர் கருத்துச் சொல்லக் கூடாது;
அதற்கு அடிக்கோடு வேறு.

கதை ஒன்றரைப் பக்கம்.
என் பிரதியில் தால் பூரி எண்ணெய் பட்டு
நடுப்பத்தி கண்ணாடியாகியிருந்தது,
பின்பக்கத்து எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன.

ஏழு வருடம் கழித்து மகன் வருகிறான். இரவு.
தட்டுகிறான்.
தாய் எழுந்து போய்
கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்கிறாள்.
விடிகிறது. வாசலில் ஈரக் காலடிகள். முற்றும்.

யோவினி: கல்நெஞ்சக்காரி.
எழுதினேன்.
லொகநாதென்: அவன் பணம் அனுப்பவில்லை, அதான். ஆறு நிமிடம் இருக்கிறது.
எழுதினேன், நிமிடத்தையும்.
யோவினி: முதுகு காட்டினால் வெறுப்பு,
பரீட்சையில் அப்படித்தான் எழுத வேண்டும்.
பாதி தமிழிலும் பாதி கிரியோலிலும் கோபப்பட்டாள்;
தாளில் அவளை முழுக்கத் தமிழில் கோபப்பட வைத்தேன்.

எனக்கும் ஒரு கருத்து இருந்தது.
அவள் தூங்கிப்போயிருப்பாள்.
வேலைக்குப் போகிற பெண்கள் உட்கார்ந்ததும் தூங்குவார்கள்.
என் அம்மா பஸ்ஸில் தூங்கி
கியூர்பிப் வரை போயிருக்கிறாள்.
அட்டை தடுத்தது.

"நீ என்ன சொல்கிறாய்?"
"பா கோனே" என்றான் பர்மசிவென்.
தெரியாது என்பதைவிட அது சீக்கிரம் முடிந்துவிடும்.
எழுதினேன்: தெரியாது.

பிறகு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே,
"இந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

லொகநாதென் சிரித்தான்.
"இல்லை, பார். இரண்டாம் பத்தி.
காற்று என்று ஒரு சொல் இருக்கிறது."
(என் பிரதியில் அது எண்ணெய்க்குள்.)
"உள்ளே திறக்கிற கதவென்றால்
புயலில் யாராவது சாய்ந்துதான் ஆக வேண்டும்.
எங்கள் வீட்டில் அம்மா சாய்ந்தாள், அக்கா, நான்.
விட்டால் காற்று புகுந்து தகரத்தைத் தூக்கிவிடும்.
தங்கச்சி தொட்டிலில்.
வெளியே தட்டியது அப்பா."

ஓணான் மிதந்தது.
தெருவில் மெட்ரோ மணியடித்துக்கொண்டு போனது.
கேள்வி கேட்பவர் தன் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.
நேரம் பார்ப்பவர் சட்டைக் கையை இழுத்துக்
கடிகாரத்தை மூடினான்.
என் பேனா 'அப்பா'வில் நின்றது, மை ஊறியது.
அந்தச் சொல்லை அடித்தேன்,
அடித்தது என்ன சொல் என்று தெரியாதவரை
திரும்பத் திரும்ப.

மற்றக் குழு முதலில் வாசித்தது:
தாய்மை, தியாகம், ஈரக் காலடி ஒரு குறியீடு.
அருமை என்றார் டீச்சர்.
நான் எழுந்தேன்.
தாளில் கல்நெஞ்சும் பணமும் ஆறு நிமிடமும் இருந்தன.
"கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று
கதையில் இல்லை" என்றேன்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான், டீச்சர்."
பத்துக்கு நான்கு.
கையெழுத்து நன்றாயிருந்தால் ஐந்தாம்.

மணி அடித்தது.
மேசையைப் பழைய இடத்துக்குத் தள்ளினோம்,
அவன் ஒரு முனை, நான் ஒரு முனை.
காற்றே இல்லாத நாள்.
கூடத்துக் கதவு கொஞ்சம் இறுகியிருந்தது.
உள்பக்கமாக இழுத்தான்,
நாங்கள் எல்லோரும் போகும்வரை
பிடித்துக்கொண்டு நின்றான்.